முதலில் பிரேக், அப்புறம் குதிரைசக்தி

வாசகர் கேள்வி-பதில். இந்த மாதம்: 1964 முதல் 1972 வரை வந்த அமெரிக்க மஸில் கார்கள்.

மஸில் கார் என்று எதைச் சொல்கிறார்கள்? மஸ்டாங் அதில் சேருமா, சேராதா?
*வாசகர், சென்னை*

நடுத்தர அளவு உடம்பு, பெரிய கார்களுக்கென்று செய்த வி-8 எஞ்சின், இளைஞர்கள் கைக்கு எட்டுகிற விலை. மூன்றும் சேர்ந்தால் மஸில் கார். 1964-ல் போன்டியாக் டெம்பெஸ்டில் 389 கன அங்குல எஞ்சினை வைத்து ஜிடிஓ என்று விட்டார்கள். நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்று போன்டியாக்கின் தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸில் ஓர் உள்விதி இருந்தது. அப்போது போன்டியாக்கின் தலைமைப் பொறியாளராக இருந்த ஜான் டிலோரியனும் கூட்டாளிகளும் ஜிடிஓவைத் தனி மாடலாகக் காட்டாமல், 300 டாலருக்குச் சற்றுக் குறைவான ஓர் ஆப்ஷனாகப் பட்டியலில் நுழைத்துவிட்டார்கள்.

மஸ்டாங், கமாரோ எல்லாம் அளவில் சின்னவை. அவற்றுக்குப் போனி கார் என்று பெயர். 428 கோப்ரா ஜெட் வைத்த மஸ்டாங்கை யாரும் மறுக்க மாட்டார்கள். 289 வைத்ததை மஸில் கார் என்று சொன்னால் சண்டைக்கு வர ஆள் இருக்கிறது. பராமரிப்புத் தலைவலி என்னவோ எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

1970 செவ்ரொலே செவெல் எஸ்எஸ் 396 ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. 'மேட்சிங் நம்பர்ஸ்', அதாவது காரோடு பிறந்த எஞ்சினே இருக்கிறது என்று கூடுதல் விலை கேட்கிறார்கள். எப்படிச் சரிபார்ப்பது?
*வாசகர், டாலஸ்*

1970-ல் எஸ்எஸ் என்பது ஆப்ஷன். ஆகவே வின் எண்ணை (ஆலை தரும் அடையாள எண்) வைத்து அது எஸ்எஸ்ஸா, செவெலின் சாதா ரகமான மாலிபுவா என்று சொல்லவே முடியாது. 1966 முதல் 1968 வரையிலான கார்களில் மட்டும் வின் 138 என்று தொடங்கினால் அது எஸ்எஸ் 396. மற்ற ஆண்டுகளுக்குக் காகிதம் வேண்டும். ஆலையில் காரோடு போன பில்ட் ஷீட் (எதையெல்லாம் மாட்ட வேண்டும் என்ற பட்டியல்) செவெலில் பெரும்பாலும் பெட்ரோல் டேங்கின் மேல்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும். டேங்கை இறக்கினால்தான் தெரியும். விற்பவர் இறக்க ஒப்புக்கொள்கிறாரா என்பதே பாதி பதில்.

அடுத்து எஞ்சின். வலப்பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் பிளாக்கில் ஒரு தட்டையான திட்டு இருக்கும். வின்னின் கடைசிப் பகுதியும் எஞ்சின் கோடும் அதில்தான் குத்தப்பட்டிருக்கும். எண் ஒத்துப்போகிறது என்றவுடன் பணத்தை எடுக்காதீர்கள். டார்ச்சைச் சாய்த்து அடியுங்கள். ஆலையில் பிளாக்கின் மேல்முகத்தைச் சீவிய மெல்லிய இணைகோடுகள் எண்களுக்கடியில் ஒரே திசையில் ஓட வேண்டும். திட்டு வழவழவென்று இருந்தாலோ, அரவை மெஷின் தடம் தெரிந்தாலோ, பிற்பாடு சீவியிருக்கிறார்கள். எஞ்சின் வேலைக்காகச் சீவினார்களா, புது எண் குத்தச் சீவினார்களா என்று ஆராய வேண்டியதில்லை. இரண்டிலுமே கூடுதல் விலை கிடையாது. பிளாக் வார்த்த தேதியையும் பாருங்கள். எழுத்து மாதம் (ஏ ஜனவரி, எல் டிசம்பர்), பிறகு நாள், கடைசி இலக்கம் ஆண்டு. கார் கட்டிய பிறகு வார்த்த பிளாக் அந்தக் காரில் பிறந்திருக்க முடியாது.

இதையெல்லாம் விட முக்கியம் துரு. எஞ்சினைப் பிரித்துக் கோர்க்க எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். துருவை நோண்ட ஆரம்பித்தால் எங்கே நிற்கும் என்று டிங்கரிங் ஆளுக்கே தெரியாது. ஃபிரிட்ஜில் ஒட்டும் சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, பின்சக்கர வளைவுகளிலும் கதவுக்கு அடிப்பகுதியிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி பூசியிருக்கிறார்கள். பின்கண்ணாடியைச் சுற்றிய குரோம் பட்டைக்கடியில் தண்ணீர் தேங்கித் தகடு அரித்திருந்தால், டிக்கி விரிப்பைத் தூக்கியதும் தரையில் தடம் தெரியும். வினைல் கூரையில் கொப்புளம் கண்டால் உள்ளே தகடு போய்க்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாகக் காரைத் தூக்கி, பின் ஆக்ஸிலுக்கு மேலே சேசிஸ் வளைகிற இடத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள். உள்ளே இறங்கினால் வீட்டுக்குக் கிளம்பிவிடலாம்.

என்னைக் கேட்டால், துருவில்லாத சாதா மாலிபுவும் நல்ல 350 எஞ்சினும், சான்றில்லாத எஸ்எஸ்ஸைவிட எத்தனையோ மேல்.

1970-ல் செவ்ரொலேயின் 454 எஞ்சின் 450 குதிரைசக்தி. 1972-ல் அதே 454 வெறும் 270. இரண்டே வருடத்தில் எங்கே போனது?
*வாசகர், கோயம்புத்தூர்*

பாதி நிஜமாகவே போனது, பாதி கணக்கில் போனது. 1971-ல் செவ்ரொலேயின் தாய்க் கம்பெனி ஜெனரல் மோட்டார்ஸ் ஈயமில்லா பெட்ரோலுக்காகக் கம்ப்ரெஷனை (சிலிண்டருக்குள் கலவையை நெருக்கும் விகிதம்) இறக்கியது; உச்ச ரக எஞ்சின்களும் ஒவ்வொன்றாக நின்றன. அதுவரை சொல்லி வந்த எண்களோ ஏர் கிளீனர், ஃபேன், காரின் சைலன்சர் எதுவும் இல்லாமல் சோதனை மேடையில் வைத்து அளந்தவை. 1972-லிருந்து எல்லாவற்றையும் மாட்டி அளந்தார்கள். ஆகவே இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துக் கழிக்காதீர்கள்.

1969 கமாரோ, 350 எஞ்சின், குவாட்ராஜெட் கார்புரேட்டர். காலையில் ஒரே கிராங்கில் எடுக்கிறது. ஓட்டிவிட்டுக் கடையில் 15 நிமிடம் நிறுத்தினால் மறுபடி எடுக்க மறுக்கிறது. கார்புரேட்டரை மாற்றச் சொல்கிறார்கள்.
*வாசகர், அட்லாண்டா*

மாற்றாதீர்கள். முதலில் எந்த மாதிரி மறுக்கிறது என்று பாருங்கள்.

சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற சத்தம் மட்டும் வருகிறது, எஞ்சின் சுற்றவில்லை என்றால் கார்புரேட்டருக்கு இதில் வேலையே இல்லை. ஸ்டார்ட்டரின் சொலினாய்டு (அதற்கு மின்சாரம் விடும் சுவிட்ச்) எக்ஸாஸ்ட் பக்கத்தில் உட்கார்ந்து வெந்துபோயிருக்கிறது. பேட்டரி கேபிள், எர்த் கேபிள் இரண்டின் முனைகளையும் சுத்தம் செய்யுங்கள், வெப்பத் தடுப்புத் தகடு வையுங்கள். அப்படியும் விடாவிட்டால் சிறிய கியர் ஸ்டார்ட்டர் போடலாம்.

எஞ்சின் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால், ஏர் கிளீனரைக் கழற்றிக் கார்புரேட்டர் வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். எஞ்சின் நின்றிருக்கும்போதே பெட்ரோல் சொட்டினால், அடியிலிருந்து வந்த சூட்டில் பெட்ரோல் கொதித்து மேனிஃபோல்டில் வழிந்திருக்கிறது. இன்றைய பம்பில் வருவது 10 சதவீதம் எத்தனால் கலந்தது, சீக்கிரம் ஆவியாகும். அந்த நேரத்துக்கு உபாயம்: ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்திப் பிடித்து, பெடலைத் திரும்பத் திரும்ப மிதிக்காமல் கிராங்க் செய்யுங்கள். 10 விநாடிக்கு மேல் வேண்டாம். சொட்டுவதற்குப் பதில், பெடலை அழுத்தினாலும் பீய்ச்சல் வராவிட்டால் கார்புரேட்டரின் பெட்ரோல் கிண்ணம் காலி. பம்ப் மறுபடி நிரப்பும் வரை சுற்ற வேண்டும்.

நிரந்தரத் தீர்வுக்கு வலப்பக்க எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் அடியில் இருக்கும் ஹீட் ரைசர் வால்விலிருந்து ஆரம்பியுங்கள். குளிர்காலத்தில் சூடான புகையைக் கார்புரேட்டருக்கு அடியில் அனுப்புவதற்காக வைத்தது அது. துருப்பிடித்து மூடியபடி சிக்கிக்கொண்டால் கோடையிலும் கார்புரேட்டரை அடுப்பில் வைத்தது போலத்தான். எடைத்துண்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள்; அசையாவிட்டால் துரு நீக்கும் எண்ணெய் விட்டுத் தளர்த்துங்கள், அல்லது திறந்தபடி கட்டிவிடுங்கள். பிறகு கார்புரேட்டருக்கு அடியில், சூடு ஏற விடாத அரை அங்குல ஃபீனாலிக் (கெட்டிப் பிளாஸ்டிக்) தகடு. வைக்கும் முன் ஏர் கிளீனருக்கும் பானெட்டுக்கும் நடுவில் இடம் இருக்கிறதா என்று களிமண் உருண்டை வைத்து மூடிப் பாருங்கள். பெட்ரோல் குழாய் எக்ஸாஸ்டை ஒட்டிப் போனால் தள்ளிக் கட்டுங்கள். கிண்ணத்துக்குள் இருக்கும் மிதவையின் மட்டம் உயர்ந்திருந்தால் இறக்குங்கள்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ராத்திரி நிறுத்திய கார் காலையில் நெடுநேரம் சுற்ற வைத்தால் அது வேறு வியாதி. குவாட்ராஜெட்டின் அடியில் இருக்கும் கிணற்று மூடிகள் கசிந்து கிண்ணம் காலியாவது பழைய குறை. பிரித்து எபாக்சி பூசினால் சரியாகும்.

இவ்வளவு தொல்லை பட்டு இதில் என்னதான் சுகம்? புதுக் கார் இதைவிட வேகமாகப் போகிறதே.
*வாசகர், டொரன்டோ*

போகிறது. வளைவிலும் நிற்பதிலும் சாதாரணப் புதுக் காரே இவற்றைத் தோற்கடிக்கும். சுகம் வேறு இடத்தில் இருக்கிறது.

முதலாவது, அடிமட்ட இழுவை. 1970 பியூக் ஜிஎஸ் 455-க்குச் சொன்ன கணக்கு 510 பவுண்ட்-அடி முறுக்குவிசை, அதுவும் நிமிடத்துக்கு 2,800 சுற்றிலேயே. எஞ்சினை அலறவிட வேண்டியதில்லை. காலை லேசாக வைத்தால் முன்பக்கம் தூக்கிக்கொண்டு கிளம்பும். நகரத்தில் 50 கிலோமீட்டர் வேகத்துக்குள் கிடைக்கும் சந்தோஷம் இது.

இரண்டாவது, அந்தச் சத்தம். செவ்ரொலேயில் தீப்பொறி வரிசை 1-8-4-3-6-5-7-2. ஒற்றை எண்கள் இடப்பக்கம், இரட்டை எண்கள் வலப்பக்கம். வரிசையைச் சொல்லிப் பாருங்கள்: 8-ம் 4-ம் அடுத்தடுத்து வலப்பக்கம் வெடிக்கின்றன; 5-ம் 7-ம் அடுத்தடுத்து இடப்பக்கம். ஒவ்வொரு பக்கத்துப் புகைக் குழாயிலும் துடிப்பு சீராக வராமல் இரட்டையாக விழுந்து இடைவெளி விடுகிறது. 'கடபுட கடபுட' என்ற ஐட்லிங் அதிலிருந்துதான் வருகிறது. இதில் ஓர் ஆபத்தும் உண்டு. 5, 7 இரண்டின் பிளக் வயர்களையும் ஒட்டி இணையாகக் கட்டினால் 5-க்குப் போகும் மின்சாரம் தூண்டி 7 முன்கூட்டியே வெடிக்கும். இரண்டையும் பிரித்துக் கட்டுங்கள்.

மூன்றாவதுதான் பெரியது: எதையும் நீங்களே தொட்டுச் சரிசெய்யலாம். ஜெனரல் மோட்டார்ஸ் வி-8 டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். எஞ்சின் ஓடும்போதே அதைத் தூக்கி, 1/8 அங்குல ஆலன் சாவியை விட்டு பாயின்டை (தீப்பொறிக்கான மின்சாரத்தை விட்டு விட்டு அறுப்பது) திருப்பலாம். டுவெல் மீட்டரில் (பாயின்ட் மூடியிருக்கும் கோணத்தைக் காட்டுவது) 30 டிகிரி. மீட்டர் இல்லையா? எஞ்சின் தடுமாறும் வரை வலஞ்சுழியாகத் திருப்பி, அங்கிருந்து அரைச் சுற்று பின்னால் வாருங்கள். பிறகு, வாக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) பாருங்கள். பாயின்ட் மாற்றினால் டைமிங்கும் நகரும், அதனால் இந்த வரிசையை மாற்றக் கூடாது.

1966 ஜிடிஓ, நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். மழைக்குப் பிறகு பிரேக் பிடித்தால் இடப்பக்கம் இழுக்கிறது. எஞ்சினுக்குப் புது கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) போடப் பணம் சேர்த்திருக்கிறேன், பிரேக் அவசரமா?
*வாசகர், எடிசன், நியூ ஜெர்சி*

கேம் பணத்தை அப்படியே பிரேக்குக்குத் திருப்புங்கள். உங்கள் காரில் மாஸ்டர் சிலிண்டருக்கு (பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளுவது) ஒரே அறைதான். முன்னும் பின்னும் ஒரே பாதை. எங்காவது ஒரு ஹோஸ் வெடித்தால் பெடல் தரைக்குப் போகும், நான்கு பிரேக்கும் சேர்ந்தே போகும். 1967 மாடலிலிருந்துதான் இரட்டை அறை வந்தது. அந்த மாஸ்டர் சிலிண்டரை வாங்கி, முன் பின் குழாய்களைப் பிரித்துக் கட்டுவது முதல் வேலை. நான்கும் டிரம் என்றால் டிரம்முக்கான சிலிண்டரையே கேளுங்கள். அதில் சக்கர சிலிண்டரின் ரப்பரை விரித்து வைக்க சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தைத் தேக்கும் வால்வு உண்டு. டிஸ்க்குக்கான அறையில் அது இருக்காது.

மழையில் மட்டும் இழுத்தால் ஒரு பக்க லைனிங் (டிரம்மில் உரசும் பட்டை) முந்திக் காய்கிறது என்று விட்டுவிடலாம். மெதுவாக நாலு தடவை பிரேக்கை மிதித்தால் சரியாகும். வெயிலிலும் இழுத்தால் டிரம்மைக் கழற்றுங்கள். சக்கர சிலிண்டர் கசிந்து லைனிங் நனைந்திருக்கலாம். ஷூக்களை மாற்றிப் போட்டிருக்கலாம்: குட்டை லைனிங் காரின் முன்பக்கம், நீள லைனிங் பின்பக்கம். ரப்பர் ஹோஸ் உள்ளே ஊதி அடைத்திருக்கலாம், வெளியே பார்த்தால் புதிது போலத்தான் இருக்கும். முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று, மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். பிரேக் குழாய்களில் காற்று எடுக்கும் வரிசை: வலது பின், இடது பின், வலது முன், இடது முன். அட்ஜஸ்டர்கள் ரிவர்ஸில் போய் பிரேக் பிடித்தால்தான் இறுகும், ஆகவே வேலை முடிந்ததும் நாலைந்து முறை பின்னால் ஓட்டி நிறுத்துங்கள்.

மலைப்பாதை ஓட்டுபவராக இருந்தால் முன்னால் டிஸ்க் போடுங்கள். கிட் வாங்கும் முன் உங்கள் 14 அங்குல சக்கரம் காலிப்பரில் இடிக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கம்ப்ரெஷன் 10.25 உள்ள எஞ்சின். பம்பில் கிடைக்கும் 93 போதுமா? ஈயம் கலந்த பெட்ரோல் இல்லாமல் வால்வு போய்விடுமா?
*வாசகர், ஹூஸ்டன்*

அமெரிக்கப் பம்பில் எழுதியிருப்பது இரண்டு வகை ஆக்டேன் எண்களின் சராசரி. அங்கே 93 என்றால் இந்தியக் கணக்கில் சுமார் 98. இரும்பு ஹெட்டோடு 10.25 என்றால் எல்லையில் நிற்கிறீர்கள். ஏற்றத்தில் 'டிங் டிங்' என்று தட்டினால் மொத்த டைமிங்கை 36 டிகிரியிலிருந்து இரண்டிரண்டாக இறக்கிப் பாருங்கள். 180 டிகிரி ஃபாரன்ஹீட் தெர்மோஸ்டாட் போடுங்கள். 32-க்குக் கீழே இறக்கியும் தட்டினால் ஹெட்டை மாற்றுவதுதான் வழி. அலுமினிய ஹெட் இதே கம்ப்ரெஷனைத் தாங்கும்.

ஈயத்துக்குப் பயப்பட வேண்டாம். வால்வு சீட் குழிவது நெடுநேரம் உச்ச வேகத்திலும் பாரத்திலும் ஓட்டினால்தான். வார இறுதிக் காருக்கு, அடுத்த முறை ஹெட் கழற்றும்போது கடினப்படுத்திய சீட் போட்டால் போதும். அதற்காக மட்டும் ஹெட்டைக் கழற்றாதீர்கள்.

எந்த ஆயில்? கடையில் இருக்கும் புது 5டபிள்யூ-30 நல்லதுதானே?
*வாசகர், சான் ஹோசே*

புதுக் காருக்கு நல்லது. உங்கள் எஞ்சினில் டாப்பெட் (கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் துண்டு) தட்டையாக கேம் மேல் உரசுகிறது. அங்கே தேய்மானத்தைத் தடுப்பது துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த இசட்டிடிபி. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் காப்பாற்ற, புதிய 5டபிள்யூ-30 ரகங்களில் பாஸ்பரஸ் 800 பிபிஎம்முக்குமேல் (பத்து லட்சத்தில் 800 பங்கு) கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு 1,000-த்திலிருந்து 1,200 வரை வேண்டும். பழைய கார்களுக்கென்று விற்கும் 10டபிள்யூ-30 அல்லது 15டபிள்யூ-40 வாங்கி, தகவல் தாளில் எண்ணைப் பாருங்கள். அளவு, சின்ன பிளாக் செவிக்கு (செவ்ரொலேயின் 350 போன்ற சிறிய வி-8) ஃபில்டரோடு 5 குவார்ட்.

புது கேம் போட்டால் ஆயிலைவிட முதல் 20 நிமிடம் முக்கியம். எடுத்த உடனே 2,000-க்கும் 2,500-க்கும் நடுவில் ஓட விடுங்கள்; ஐட்லிங் கூடவே கூடாது, கேமுக்கு ஆயில் தெறிப்பது அந்தச் சுற்றில்தான். கெட்டுப்போன டாப்பெட்டைக் கண்டுபிடிக்க அடிப்பாகத்தை இன்னொரு டாப்பெட்டின் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். நல்லது லேசாகக் குவிந்திருக்கும், தேய்ந்தது குழிந்திருக்கும்.

1970 பிளிமத் ரோட் ரன்னர். ஹெட்லைட் மங்குகிறது, டாஷ்போர்டுக்குக் கீழே கருகல் வாடை. இன்னொரு தொல்லை: சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும் வரை எஞ்சின் எடுக்கிறது, விட்டதும் நின்றுவிடுகிறது.
*வாசகர், டெட்ராய்ட்*

இரண்டாவதை முதலில் முடிப்போம். பேலஸ்ட் ரெசிஸ்டர் (இக்னிஷனுக்குப் போகும் மின்சாரத்தைக் குறைப்பது) போய்விட்டது. கிராங்க் செய்யும்போது மின்சாரம் அதைத் தாண்டிப் போகிறது. சாவியை விட்டதும் அதன் வழியாகத்தான் வர வேண்டும், வழி அறுந்திருக்கிறது. ஃபயர்வாலில் இருக்கும் வெள்ளைப் பீங்கான் கட்டி அது. சில டாலர்தான். இரண்டாக வாங்கி ஒன்றை கிளவ் பாக்ஸில் போட்டு வையுங்கள்.

கருகல் வாடைதான் விவகாரம். இன்றே பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். அக்காலத்து கிரைஸ்லர் கார்களில் (பிளிமத்தும் அந்தக் கம்பெனிதான்) ஆல்டர்னேட்டர் தரும் கறுப்பு வயரும் பேட்டரியிலிருந்து வரும் சிவப்பு வயரும் ஃபயர்வால் கனெக்டரைக் கடந்து உள்ளே வந்து, மின்னோட்டம் காட்டும் அம்மீட்டரில் சேர்கின்றன. காரின் மின்சாரமெல்லாம் 50 வருடப் பழைய பின்கள் வழியாகப் போகிறது. பின்னில் களிம்பு ஏறினால் சூடு, சூட்டில் பிளாஸ்டிக் உருகும். கனெக்டரை இழுத்துப் பாருங்கள், அந்த இரண்டு துளைகளும் பழுப்பாகியிருக்கும். பின்களை மாற்றுங்கள், அல்லது கனெக்டரில் துளையிட்டு வயரைத் துண்டிக்காமல் நேரே உள்ளே விடுங்கள். அம்மீட்டரின் இரு வயர்களையும் ஒரே போல்ட்டில் சேருங்கள். முள் இனி ஆடாது, போகட்டும், வோல்ட்மீட்டர் வையுங்கள். ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரி பக்கத்துக்கு 10 கேஜ் வயர் தனியாக, நடுவில் 14 கேஜ் ஃபியூசிபிள் லிங்க் (மின்சாரம் மிஞ்சினால் தானே உருகி அறும் வயர்த் துண்டு). அந்த லிங்க் இல்லாமல் வயர் போடுவது கார் எரிவதற்கு வழி பண்ணுவது. ஹெட்லைட்டுக்கு ரிலே போட்டால் மங்கலும் போகும்.

ஹைவேயில் 65 மைல் வேகத்தில் எஞ்சின் கத்துகிறது. 3.73 ஆக்ஸில் (சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ஷாஃப்ட் 3.73 சுற்று), நான்கு கியர்.
*வாசகர், சிகாகோ*

26 அங்குல டயருக்கு அந்த வேகத்தில் சுமார் 3,130 சுற்று வரும், பழுதில்லை. 3.08 ஆக்ஸில் போட்டால் 2,590. செலவு குறைவு, ஆனால் கிளம்பும் வேகமும் குறையும். 0.68 ஓவர்டிரைவ் உள்ள ஐந்து கியர் பெட்டி போட்டால் 2,130, கிளம்பும் வேகமும் கெடாது. பெட்டி விலையோடு புரொப்பெல்லர் ஷாஃப்ட் நீளம், கிராஸ் மெம்பர், ஸ்பீடோமீட்டர் கியர் ஆகியவற்றையும் கூட்டிக்கொள்ளுங்கள். பெட்ரோல் கணக்கு? லிட்டருக்கு 4 கிலோமீட்டர் 5 ஆகலாம். அதற்காக இதைச் செய்யாதீர்கள், காதுக்காகச் செய்யுங்கள்.

கணவர் 1968 கார் ஒன்று வாங்கி வீட்டோடு சேர்ந்த கராஜில் நிறுத்தியிருக்கிறார். வீடெல்லாம் பெட்ரோல் வாடை. பிள்ளைகளைப் பின்சீட்டில் உட்கார வைக்கலாமா என்றும் சொல்லுங்கள்.
*வாசகி, ஆஸ்டின்*

கொஞ்சம் வாடை அந்தக் காரின் பிறவிக் குணம். கலிஃபோர்னியாவில் 1970-லும் மற்ற மாநிலங்களில் 1971-லும்தான் ஆவியைப் பிடிக்கும் ஏற்பாடு கட்டாயமானது. அதற்கு முன் கார்புரேட்டர் கிண்ணத்து ஆவியும் டேங்க் ஆவியும் நேரே காற்றில். ஆனால் வீடெல்லாம் அடிக்கிறது என்றால் எங்கோ கசிகிறது. டேங்கிலிருந்து இரும்புக் குழாய்க்கு வரும் ரப்பர் துண்டு, பம்ப், மூடிக்குழாயின் ரப்பர் வளையம் மூன்றையும் கை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய ரப்பரை எத்தனால் தின்றிருக்கும். எஸ்ஏஇ 30ஆர்9 முத்திரையுள்ள ஹோஸாக மாற்ற வேண்டும். அதே கராஜில் கேஸ் வாட்டர் ஹீட்டர் இருந்தால் கசிவு தீரும் வரை கார் வெளியே நிற்கட்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு ஊர்ந்து பைலட் சுடரைத் தொடும்.

பின்சீட்டில் இடுப்புப் பெல்ட் மட்டுமே இருக்கும். உள்ளேயே தோள் வார் உள்ள குழந்தை சீட்டுகளில் பலவற்றை இடுப்புப் பெல்ட்டில் கட்டலாம். சீட்டின் கையேட்டைப் பார்த்துவிட்டு, கட்டியபின் ஆட்டினால் ஓர் அங்குலத்துக்குமேல் அசையக் கூடாது. பூஸ்டர் சீட்டுக்குத் தோள் பெல்ட் கட்டாயம், ஆகவே அந்த வயதுப் பிள்ளை இந்தக் காரில் வேண்டாம். மூன்றுமுனைப் பெல்ட் போட்டுத் தருகிறேன் என்று அவர் சொன்னால், மேல்முனையை வெறும் தகட்டில் துளைத்து மாட்டக் கூடாது. பின்னால் கனமான இரும்புத் தகடு வெல்டிங் செய்து, 7/16 அங்குல பெல்ட் போல்ட்டால் இறுக்க வேண்டும். நடுத்தூண் இல்லாத ஹார்ட்டாப் என்றால் அதற்குச் சரியான இடம் கூரை ஓரத்துச் சட்டம்தான். அந்த வேலையை வெல்டிங் தெரிந்த கடையில் கொடுக்கச் சொல்லுங்கள்.